டேர்போ காரை வந்ததும் நிறுத்தலாமா? மூன்று நிமிடம் ஸ்லோவில் விடச் சொல்கிறார் மாமா

களுவாஞ்சி_சின்னவன் · ஞாயிறு, இரவு 9.14

எல்லோருக்கும் வணக்கம். இங்கே வாசித்துவிட்டுப் போகிறவன்தான் நான், எழுதுவது குறைவு. இப்போது வீட்டில் ஒரு வழக்கு நடக்கிறது. தீர்ப்புக்கு உங்களிடம் வந்திருக்கிறேன்.

வாகன இறக்குமதியைத் திறந்த பிறகு ஒரு டொயோட்டா ரைஸ் எடுத்தேன். 1.0 லீற்றர், மூன்று சிலிண்டர், டேர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளுகிற கருவி). வீடு களுவாஞ்சிகுடி, வேலை மட்டக்களப்பு நகரத்தில். போக முப்பது, வர முப்பது கிலோமீற்றர். மாமா, அதாவது மனைவியின் அப்பா, இருபத்தைந்து வருடம் லொறியும் வேனும் ஓட்டியவர். கார் வந்த அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டார்: "டேர்போ வண்டியை வந்து நின்ற கையோடு ஓஃப் பண்ணக்கூடாது மகன். மூன்று நிமிடம் ஸ்லோவில் ஓடவிட வேண்டும்." அதாவது, நின்ற இடத்திலேயே மிதிக்காமல் எஞ்சினை ஓடவிடுவது.

சரி, தூரம் போய் வந்தால் விடலாம். சந்திக் கடையில் பாண் வாங்கிக்கொண்டு வந்தாலும் மூன்று நிமிடம்தான். மணிக்கூட்டைப் பார்த்தபடி விறாந்தையில் நிற்பார். போர்ட்டிகோ வாசலோடு ஒட்டி இருப்பதால் புகை முழுவதும் ஹோலுக்குள் போகிறது. மனைவி ஒரு பக்கம், அவளுடைய அப்பா ஒரு பக்கம், சாவி என் கையில்.

கைநூல் ஜப்பான் மொழியில் இருக்கிறது. இந்தக் காலத்துக் காருக்கும் அப்படி விட வேண்டுமா? விட்டால் எவ்வளவு நேரம்?

காத்தான்குடி_ஸ்டிங்ரே · ஞாயிறு, இரவு 9.52

தம்பி, நான் 660 சிசி டேர்போ சுசூக்கி ஸ்டிங்ரே கார் நாலு வருடமாக ஓட்டுகிறேன். ஒருநாளும் காத்து நின்றதில்லை. டேர்போவும் போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

காலையில் நகரத்துக்குள் நுழைய முதல் எங்கள் ஊர் மெயின் ரோட்டைத் தாண்டித்தானே வருகிறீர்கள்? நடுவில் ஈச்சமரம், இரண்டு பக்கமும் கடை, குறுக்கே சைக்கிள், முன்னால் ஆட்டோ. 25க்கு மேல் போக முடியுமா? உங்கள் டேர்போ அங்கேயே ஆறிவிடும். மாலையில் களுவாஞ்சிகுடி பஸாரும் உள்வீதியும் அந்த வேலையைச் செய்யும்.

நான் பார்ப்பது ஒயில் ஒன்றைத்தான். சுசூக்கி 660 டேர்போவுக்கு ஒயில் மாற்ற 5,000 கிலோமீற்றர் அல்லது 6 மாதம், எது முதலில் வருகிறதோ அது. டேர்போ இல்லாத அதே எஞ்சினுக்கு இரண்டு மடங்கு தூரம் கொடுத்திருக்கிறார்கள். ஒயிலுக்கு எங்கே கஷ்டம் என்று அதிலேயே விளங்கும்.

பழைய_கராஜ் · திங்கள், காலை 6.20

மாமா பிழையாகச் சொல்லவில்லை. அவர் ஓட்டிய வண்டிக்கு அது சரி. வாழைச்சேனையில் முப்பது வருடம் கராஜ் வைத்திருந்தேன், இப்போது மகன் பார்க்கிறான். கழற்றிப் பார்த்த டேர்போ எத்தனை என்று கணக்கில்லை, ஆகவே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

வீட்டில் வடை சுடும்போது பார்த்திருப்பீர்கள். காஸை அணைத்த பிறகும் இரும்புத் தாச்சிக்குள் இருக்கிற வடை கறுத்துக்கொண்டே போகும். நெருப்பு இல்லை, ஆனால் தாச்சி விடாது. டேர்போவிலும் அதே கதை. சைலன்சருக்குப் போகிற சூடான காற்று ஒரு பக்கத்துச் சக்கரத்தைச் சுற்றுகிறது, மறு பக்கத்துச் சக்கரம் சுத்தமான காற்றை எஞ்சினுக்குள் தள்ளுகிறது. இரண்டையும் இணைப்பது சுண்டுவிரல் மொத்தமும் இல்லாத ஒரு தண்டு. அது நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் சுற்று ஓடும். பெரும்பாலானவற்றில் பால் பெயாரிங்கும் இல்லை. ஒயில் படலத்தின் மேல் மிதந்துகொண்டு சுற்றுகிறது.

எஞ்சினை நிறுத்தினால் ஒயில் பம்பும் நிற்கும். தண்டைச் சுற்றி நிற்கிற கொஞ்ச ஒயில் அந்த இடத்திலேயே அடைபட்டுப் போகும். பக்கத்தில் சிவக்கக் காய்ந்த இரும்பு. 250, 300 டிகிரியைத் தாண்டினால் ஒயில் கரியாகத் தொடங்கும். ஒருநாளில் ஒன்றும் தெரியாது. நாளுக்கு நாள் தாச்சி அடியில் பிடிக்கிற மாதிரிப் படை படையாகப் பிடிக்கும். பிறகு ஒருநாள் ஒயில் வருகிற துவாரம் அடைத்துக்கொள்ளும்.

மாமா ஓட்டிய காலத்து டேர்போவுக்கு ஒயில் மட்டும்தான் குளிர்ச்சி. அந்த நாள் ஒயிலும் சாதாரண மினரல் ஒயில், அதையும் மாற்ற வேண்டிய நேரத்தில் மாற்றமாட்டார்கள். மூன்று நிமிடம் விட்டவனின் டேர்போ பிழைத்தது, விடாதவனின் டேர்போ என் மேசைக்கு வந்தது. அதை நேரில் கண்டவர் இப்படிச் சட்டம் போடாமல் வேறு என்ன செய்வார்?

வாவிக்கரை · திங்கள், மதியம் 12.40

பழைய கராஜ் அண்ணன் தாச்சியை வைத்து விளக்கிய பிறகு எனக்குப் பெரிதாக வேலை இல்லை. இயந்திரப் பொறியியல் படித்தவள் என்ற முறையில் இரண்டு விஷயம் மட்டும் சேர்க்கிறேன்.

முதலாவது தண்ணீர். இன்றைய பெற்றோல் டேர்போ கார்களில் டேர்போவின் நடு உடம்பைச் சுற்றி ரேடியேட்டர் தண்ணீர் ஓடுகிறது. எஞ்சின் நின்றதும் பம்ப் நிற்கும். ஆனால் சூடான தண்ணீர் தானாகவே மேலே ஏறும், ஆறிய தண்ணீர் கீழிருந்து அந்த இடத்துக்கு வரும். எந்தப் பம்பும் இல்லாமல் சில நிமிடங்களுக்கு இந்தச் சுற்று நடக்கும். சில ஐரோப்பியக் கார்களில் இதற்கென்றே ஒரு சின்ன மின்சாரப் பம்ப் வைத்திருக்கிறார்கள், சாவியை எடுத்த பிறகும் அது ஓடும். சின்னவன் தம்பி பொனட்டைத் திறந்து டேர்போவைப் பாருங்கள் (ஆறிய பிறகு!). ஒயில் குழாய் இரண்டோடு வேறு இரண்டு குழாய் வந்து சேர்ந்தால் அது தண்ணீர்.

இரண்டாவது, பெற்றோலையும் டீசலையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது. முழு மிதியில் பெற்றோல் எஞ்சின் வெளிவிடும் காற்று 900, 1000 டிகிரி வரை போகும். டீசலில் 700, 800 அளவோடு நிற்கும். அதனால்தான் பெற்றோல் டேர்போவுக்குத் தண்ணீர் கட்டாயம் மாதிரி ஆகிவிட்டது. பல டீசல்கள் இன்னும் ஒயிலை மட்டும் நம்பி இருக்கின்றன.

அந்தச் சூடெல்லாம் முழு மிதியில் வருவது. பாண் வாங்கப் போகையில் டேர்போ சரியாக விழிக்கக்கூட இல்லை. அதற்கு எதை ஆற்றுவது?

டோஹா_மட்டக்களப்பான் · திங்கள், மாலை 5.03

கட்டாரில் லாண்ட் குரூசர் ஓட்டுகிறேன், டீசல் டேர்போ. கைநூலில் இதற்கு ஒரு சின்ன அட்டவணையே இருக்கிறது. தமிழில் தருகிறேன்:

நகரத்துக்குள் சாதாரண ஓட்டம் என்றால் தேவையில்லை. 80 வேகத்தில் தொடர்ந்து வந்திருந்தால் 20 வினாடி அளவு. 100இல் வந்திருந்தால் ஒரு நிமிடம் அளவு. செங்குத்தான மலை ஏறி வந்தாலோ 100க்கு மேல் விடாமல் ஓடி வந்தாலோ இரண்டு நிமிடம் அளவு.

அதிகபட்சமே இரண்டுதான். மாமாவின் மூன்று நிமிடம் புத்தகத்தில் எங்கேயும் இல்லை. இங்கே மணல்மேட்டில் ஏற்றி இறக்கிவிட்டு வந்தால் நான் இரண்டு நிமிடம் விடுவேன், கடைக்குப் போனால் விடமாட்டேன்.

களுவாஞ்சி_சின்னவன் · திங்கள், இரவு 8.31

அட்டவணையை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார், பதில் தெரியாமல் நிற்கிறேன்:

"எழுதினவன் எங்கட கச்சான் காத்துல ஒருநாள் ஓட்டிப் பார்த்தவனா?"

வாவிக்கரை · திங்கள், இரவு 8.58

மாமாவுக்கு என் வணக்கம். நல்ல கேள்வி.

கச்சான் அடிக்கிற ஆடி மாதத்தில் வெளியே 36 டிகிரி என்று வையுங்கள். ஜப்பானில் வசந்த காலத்தில் 16 இருக்கலாம். வித்தியாசம் 20. டேர்போவின் இரும்புக் கூட்டின் சூடு 600, 700 என்று நிற்கும்போது இந்த இருபது பெரிய விஷயமில்லை. எஞ்சின் தண்ணீரையும் தெர்மோஸ்டாட்டும் காற்றாடியும் ஏறத்தாழ ஒரே சூட்டில் பிடித்து வைக்கின்றன. கச்சான் காற்று உங்களைத்தான் வாட்டும், டேர்போவுக்கு அது தெரியாது.

டோஹா அண்ணன் ஓட்டுகிற இடத்தில் கோடையில் 45க்கு மேல் போகும். அங்கேயும் அதே அட்டவணைதான்.

புணானை_டீசல் · செவ்வாய், காலை 10.11

நான் டபுள் கெப், 2.4 டீசல். ஓபிடி கருவி (எஞ்சின் கணினியின் அளவுகளை வாசிப்பது) ஒன்று வாங்கி போனில் பார்த்துக்கொண்டு ஓட்டுகிற பைத்தியம். புகைவடி (டீசல் புகையின் கரியைப் பிடிக்கிற வடி) இருக்கிற வண்டி என்பதால் அதற்கு முன்னால் ஒரு வெப்ப உணரி இருக்கிறது. டேர்போவைத் தாண்டி வருகிற காற்றின் சூடு திரையில் விழும்.

போன கிழமை பொலன்னறுவை போய் வந்தேன். வெலிக்கந்தை, புணானைப் பக்கம் ரோடு எப்படி என்று உங்களுக்குத் தெரியும்: நேராக, ஆளில்லாமல். சட்டப்படி 70 (பொலிஸ் நண்பர்கள் வாசித்தால் நானும் 70). அந்த "70இல்" 400ஐத் தொட்டுக்கொண்டு நின்றது. ஓட்டமாவடிக்குள் நுழைந்து ஆட்டோவுக்குப் பின்னால் ஊர்ந்த நாலைந்து நிமிடத்தில் 210. வீட்டு வாசலில் நிறுத்தி ஒரு நிமிடம் ஸ்லோவில் விட்டுப் பார்த்தேன், 170. அடுத்த இரண்டு நிமிடம் விட்டும் பத்துப் பதினைந்துதான் இறங்கியது.

எண்கள் என் வண்டிக்குத்தான், வேறு வண்டிக்கு வேறாக வரும். ஆனால் இறக்கத்தில் பெரும் பங்கு நிறுத்தும் முன்னாலேயே நடந்துவிட்டது என்பதைக் கண்ணால் பார்த்தேன்.

எனக்கு உறைத்தது வேறு ஒன்று. அதே பயணத்தில் போகும்போது நடுவழியில் பிளேன்டீ குடிக்க நிறுத்தினேன். ஓடி வந்த வேகத்தில் இண்டிகேட்டர் போட்டு, மண்ணில் இறக்கி, சாவியைத் திருப்பப் போனால் திரையில் 380! இத்தனை வருடமாக வீட்டு வாசலில் பக்தியோடு காத்து நின்றுவிட்டு, தேத்தண்ணிக் கடையில் சுடச்சுட நிறுத்தியிருக்கிறேன். பெற்றோல் ஷெட்டிலும் அப்படித்தான். நெடுஞ்சாலையிலிருந்து நேரே உள்ளே, ஓஃப். காத்திருக்க வேண்டிய இடம் அதுதானே?

காத்தான்குடி_ஸ்டிங்ரே · செவ்வாய், காலை 10.30

காக்கா, இது சரியான பொயின்ட். நானும் இப்படி யோசித்ததில்லை. ஹபரணைப் பக்கம் போனால் நானும் அப்படித்தான் நிறுத்துகிறேன்.

பழைய_கராஜ் · செவ்வாய், காலை 11.45

ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டபடி எண்ணெய் அடிக்காதீர்கள். அதற்கு ஒரு கிலோமீற்றர் முன்னாலேயே காலை எடுத்து மெதுவாக வாருங்கள். தேத்தண்ணிக் கடைக்கும் அதே மாதிரிச் செய்யலாம்.

வட்டை_போடியார் · செவ்வாய், இரவு 7.20

சம்மாந்துறை. கார் ஆட்கள் மன்னிக்க வேண்டும், என்னுடையது நெல் வெட்டும் மெஷின். அதுவும் டேர்போ டீசல்தான், ஆகவே எழுதுகிறேன்.

காரைப் போல இதற்கு ஏற்றமும் இறக்கமும் இல்லை. வட்டைக்குள் இறங்கினால் வெட்டி முடியும் வரை முழு லோட். பெரும்போக வெட்டு மாசியில் தொடங்கினால் எங்கள் பக்கத்தில் மெஷினுக்கு ஓய்வே கிடையாது. வயல் முடிந்ததும் டிரைவர் பெடியன் செய்வது: வரம்பு ஓரம் கொண்டுபோய், கத்தியைத் தூக்கிவிட்டு, டக்கென்று ஓஃப். சோறு வந்துவிட்டது, பசி. குறை சொல்லவும் மனம் வராது.

மெஷினில் பயம் டேர்போவுக்கு மட்டும் இல்லை. வைக்கோலும் சப்பியும் எஞ்சின் அறைக்குள் பறந்து வந்து டேர்போ மேலும் சைலன்சர் அடியிலும் மெத்தை மாதிரிப் படியும். ஓடும்போது காற்றாடி காற்றில் தப்பிவிடும். நிறுத்தினதும் காற்று நிற்கிறது, சூடு அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. போன வருடம் எங்கள் மெஷினில் நிறுத்தி ஐந்து நிமிடத்துக்குப் பிறகு புகை மணம் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் ஒரு கை வைக்கோல் ஓரத்தில் சிவப்பாகக் கனன்றுகொண்டு இருக்கிறது. குடத்துத் தண்ணீர் பக்கத்தில் இருந்ததால் பிழைத்தோம்.

இப்போது எங்கள் முறை: கடைசி வரி வெட்டி முடிந்ததும் லோட் இல்லாமல் மெதுவாகக் களத்துக்கு ஓட்டி வர வேண்டும், மூன்று நிமிடம் ஸ்லோவில் விட வேண்டும், நிறுத்திய பிறகு டேர்போவைச் சுற்றிக் கையால் துப்புரவாக்கிவிட்டுத்தான் சாப்பாடு. வைக்கோல் குவியல் மேல் நிறுத்தவே கூடாது. இந்த வகைக்கு மாமாவின் மூன்று நிமிடம் பொருந்தும்.

18_வளைவு · செவ்வாய், இரவு 9.02

அம்பாறையிலிருந்து கண்டிக்கு மகியங்கனை வழியாக மாதம் ஒருமுறை போகிறேன். மகா ஓயா, பதியத்தலாவை எல்லாம் ஒன்றுமில்லை. ஹசலக்கை தாண்டிப் பதினெட்டு வளைவு ஏறும்போதுதான் எஞ்சினுக்கு உண்மையான வேலை. இரண்டாம் கியர், ஆட்கள் நாலு, பின்னால் அரிசி மூட்டை. மேலே ஏறி முடிந்ததும் எல்லோரும் செய்வது என்ன? கீழே குளமும் வயலும் தெரிகிற இடத்தில் வண்டியை ஓரங்கட்டிப் படம் எடுப்பது. அங்கே நான் எஞ்சினை ஓடவிட்டுத்தான் இறங்குவேன். பிள்ளைகள் படம் எடுத்து முடிய இரண்டு நிமிடம் தானாகப் போய்விடும்.

இறக்கத்தில் வந்தால் தேவையே இல்லை. எஞ்சின் பிரேக்கில் (மிதியை விட்டு, கியரில்) வரும்போது டீசல் ஊற்றவே ஊற்றாது, டேர்போ குளிர்ந்துகொண்டே வரும்.

கிழக்கு_ஆக்சசரீஸ் · புதன், காலை 9.15

அன்பான உறவுகளே, டேர்போ டைமர் பொருத்தினால் இந்தப் பிரச்சினையே இல்லை. சாவியை எடுத்துவிட்டு நீங்கள் வீட்டுக்குள் போகலாம், கருவி தானாக எஞ்சினை நிறுத்தும். ஸ்டொக் உண்டு. இன்பொக்ஸ் வரவும்.

மட்டுறுத்துநர் · புதன், காலை 9.40

விற்பனைக்குத் தனிப் பகுதி இருக்கிறது. இந்தப் பதிவை விட்டுவைக்கிறேன், ஏனென்றால் டைமர் பற்றிப் பேசத்தான் வேண்டும். தொலைபேசி இலக்கத்தை நீக்கிவிட்டேன்.

வாவிக்கரை · புதன், மதியம் 1.10

டைமர் 90களில் ஜப்பானில் டேர்போ ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டியவர்களிடம் பெரிய மோஸ்தராக இருந்தது. இன்று எனக்கு அதில் இரண்டு பயம். ஓடுகிற எஞ்சினோடு காரை வாசலில் தனியே விட்டுவிட்டுப் போகிறோம், சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அது வேண்டாம். இன்னொன்று, புதுக் கார்களில் பட்டன் ஸ்டார்ட், அதன் வயரிங்கில் கை வைத்தால் வேறு எங்கெங்கோ விளக்கு எரியும்.

சின்னவன் தம்பியின் வீட்டுப் புகைக் கதையையும் யாரும் கவனிக்கவில்லை. பெற்றோல் எஞ்சினின் புகையில் கார்பன் மொனொக்சைட் இருக்கிறது, மணமே இருக்காது. திறந்த போர்ட்டிகோ என்றாலும் ஹோலுக்குள் போகிறது என்றால் அதை இன்றைக்கே நிறுத்துங்கள். கதவு மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிடுவது உயிருக்கே ஆபத்து. காத்திருக்கத்தான் வேண்டும் என்றால் கேற்றுக்கு வெளியே ரோட்டில் காத்திருங்கள்.

பழுகாமத்தான் · புதன், இரவு 8.44

எல்லோரும் காத்திருப்பதைப் பற்றியே எழுதுகிறீர்கள். நான் ஐந்து நிமிடம் காத்தவன். வேன், டீசல் டேர்போ. ஏழு வருடம், ஒருநாள் தவறாமல். 2022இல் கியூஆர் கோட்டில் கிழமைக்கு அளந்து எண்ணெய் தந்த காலத்தில்கூடக் காத்தேன், வீட்டில் ஏச்சும் வாங்கினேன். கடைசியில் என் டேர்போவும் போனது.

எப்படி என்றால், ஒரு இடத்தில் ஒயில் கசிவுக்கு வேலை செய்தார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு காலையில் ஸ்டார்ட் பண்ணினால் நீலப் புகை. பிறகு மிதிக்கும்போது அம்புலன்ஸ் தூரத்தில் வருகிற மாதிரி ஒரு கூவல். வேறு ஒருவரிடம் காட்டினேன். அவர் டேர்போவுக்கு ஒயில் வருகிற குழாயின் முனையில் இருக்கிற துளைபோட்ட போல்டைக் கழற்றிக் கையில் தந்தார். சின்ன விரல் நீளம், பக்கவாட்டில் ஒரு துவாரம். அந்தத் துவாரத்தில் நரை நிறத்தில் றப்பர் மாதிரி ஒன்று சுருண்டு கிடந்தது. நகத்தால் இழுத்தேன், புழுப்போல நீண்டு வந்தது. காஸ்கட்டுக்குப் பதிலாக அப்பிய சிலிக்கன்! அளவுக்கு மேல் பூசியதில் பிதுங்கி, ஒயிலோடு ஓடி வந்து, அங்கே இறுகியிருக்கிறது. முன்னால் காற்றுக் குழாயைக் கழற்றித் தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தோம், சக்கரம் ஓட்டில் உரசுகிறது.

ஐந்து நிமிடக் காவலால் அந்த றப்பர்ப் புழுவை என்ன செய்ய முடியும்?

பழைய_கராஜ் · புதன், இரவு 9.26

தம்பி பழுகாமத்தான் சொன்னது என் மேசைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவற்றின் கதை. டேர்போ தானாகச் சாவது குறைவு. ஒயில் வராமல் சாகும், அழுக்கு ஒயிலால் சாகும், காற்று வடி கிழிந்து மண் போய்ச் சாகும். இன்ஜெக்டர் வொஷர் கசிந்து, கரி ஒயிலுக்குள் இறங்கி, சம்பில் (எஞ்சின் அடியில் ஒயில் தேங்குகிற தட்டு) இருக்கிற வலையை அடைத்து, அதனால் ஒயில் வராமல் போனதையும் கண்டிருக்கிறேன். புது டேர்போ போடுகிறவர்கள் பழையது ஏன் போனது என்று பார்க்காமல் போட்டால் புதியதும் போகும். ஒயில் குழாயைக் கழுவாமல் திரும்பவும் பூட்டாதீர்கள், முடிந்தால் புதுக் குழாய் போடுங்கள்.

தண்டை ஆட்டிப் பார்ப்பதில் ஒரு குறிப்பு. மேலும் கீழும் நூலளவு ஆடுவது சாதாரணம், ஒயில் படலத்துக்கு விட்ட இடம் அது. முன்னும் பின்னும் ஆடினால்தான் பயம்.

கல்முனை_ரௌண்டபௌட் · வியாழன், காலை 7.50

எனக்கு ஒரு சந்தேகம். டேர்போ சூடாக நிறுத்தக்கூடாது என்றால், சில கார்கள் சிக்னலில் நின்றதும் தானாகவே எஞ்சினை நிறுத்துகின்றனவே? செய்தவனே செய்கிறான், நாம் மட்டும் காத்திருக்கிறோமா?

வாவிக்கரை · வியாழன், மதியம் 12.25

அந்த வசதியை வைத்தவர்கள் டேர்போவையும் அதற்கேற்ப வைத்திருக்கிறார்கள்: தண்ணீர் குளிர்ச்சி, நல்ல ஒயில். அதோடு கணினி கண்ணை மூடிக்கொண்டு நிறுத்துவதில்லை. எஞ்சின் சூடு, பற்றறி, ஏசி எல்லாம் பார்க்கும், ஒத்துவராவிட்டால் நிறுத்தாது. சிக்னலில் நிற்கிறீர்கள் என்றாலே நகரத்துக்குள் மெதுவாக ஓடி வந்திருக்கிறீர்கள், கைநூல் "தேவையில்லை" என்று சொல்கிற வரி அது.

பழைய_கராஜ் · வியாழன், இரவு 7.05

சின்னவன் தம்பியிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். மாமா லொறிக்காரர் என்றீர்கள். மூன்று நிமிடம் முடிந்ததும் எப்படி ஓஃப் பண்ணுகிறார்? கடைசியாக ஒரு "விர்ர்ர்" கொடுத்துவிட்டா?

களுவாஞ்சி_சின்னவன் · வியாழன், இரவு 7.22

ஐயோ அண்ணன், எப்படித் தெரியும்? ஓம், அவர் கையில் சாவி இருக்கிற நாளில் ஒரு ரேஸ் கொடுத்துவிட்டுத்தான் நிறுத்துவார். "கரி கக்கிவிட்டு நிற்கட்டும்" என்பார். காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் இரண்டு தரம் கொடுப்பார்.

பழைய_கராஜ் · வியாழன், இரவு 7.48

நினைத்தேன். அந்தக் காலத்து டிரைவர்மார் பாதிப்பேருக்கு அது கைப்பழக்கம். பழைய டேர்போ இல்லாத எஞ்சினுக்கு அதனால் பெரிய கெடுதி இல்லை.

டேர்போவில் நடப்பதைப் பாருங்கள். மூன்று நிமிடம் பொறுமையாக நின்றீர்கள், தண்டு மெதுவாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு மிதி. தண்டு பல ஆயிரம் சுற்றுக்கு ஏறுகிறது. அதே கணத்தில் சாவியைத் திருப்புகிறீர்கள், ஒயில் அழுத்தம் விழுந்துவிடும். தண்டு உடனே நிற்காது, உள்ளே கொஞ்ச நேரம் தனியே சுற்றும், ஒயில் இல்லாமல். காத்த மூன்று நிமிடமும் வீண்.

காலையிலும் அப்படித்தான். குளிர்ந்த ஒயில் தடிப்பாக இருக்கும், டேர்போ வரை போய்ச் சேரக் கொஞ்ச நேரம் வேண்டும். ஸ்டார்ட் பண்ணி, பெல்ட் போட்டு, கேற்றைத் திறந்து மெதுவாக வெளியே எடுத்தால் போதும். முதல் இரண்டு கிலோமீற்றர் மிதிக்காதீர்கள்.

ஸ்லோவில் விடுவதா இல்லையா என்று சண்டை பிடிக்கத் தேவையில்லை. அந்த விர்ர்ரை நிறுத்தச் சொல்லுங்கள்.

புணானை_டீசல் · வியாழன், இரவு 8.15

சிரித்து முடியவில்லை. எங்கள் அப்பாவும் இதே விர்ர்ர்தான்.

18_வளைவு · வியாழன், இரவு 9.40

எல்லாம் சரி, ஆனாலும் மூன்று நிமிடம் விட்டால் என்ன குடியா முழுகப் போகிறது? விட்டுவிட்டுப் போகட்டுமே மாமா.

டோஹா_மட்டக்களப்பான் · வியாழன், இரவு 10.05

குடி முழுகாது. ஸ்லோவில் மணிக்கு அரை லீற்றர் என்று வைத்தாலும் நாளுக்கு இரண்டு தரம், மூன்று மூன்று நிமிடம், மாதம் மூன்று மணித்தியாலம். ஒன்றரை லீற்றர் பெற்றோல். மாமாவின் மன அமைதிக்கு அது விலை மலிவு. ஆனால் ஹோலுக்குள் புகை போகிறதே, அதற்கு விலை பேச முடியாது.

களுவாஞ்சி_சின்னவன் · சனி, இரவு 8.10

எல்லோருக்கும் நன்றி. முடிவைச் சொல்லிவிடுகிறேன்.

இன்று பகல் கார் ஆறி இருக்கும்போது மாமாவைக் கூப்பிட்டுப் பொனட்டைத் திறந்தோம். வாவிக்கரை அக்கா சொன்ன தண்ணீர்க் குழாய் இரண்டையும் காட்டினேன். விரலை வைத்து ரேடியேட்டர் வரை தடவிக்கொண்டு போனார். ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இது எங்கட வண்டியில இல்லை" என்றார். எனக்கு அது போதும்.

உடன்படிக்கை இப்படி: ஊருக்குள் போய் வந்தால் நிறுத்தி உடனே ஓஃப். வேலையால் வரும்போது பஸாரிலிருந்து வீடு வரை மெதுவாக வந்து உடனே ஓஃப். கண்டி, பொலன்னறுவை மாதிரித் தூரம் போனால் வழியில் நிறுத்தும் இடத்தில் ஒரு நிமிடம், மலை ஏறியிருந்தால் இரண்டு. ஒயில் 5,000க்கு ஒருமுறை, அதை மாமாவே பொறுப்பெடுத்துக்கொண்டார். கொப்பியில் திகதியும் மீற்றரும் எழுதத் தொடங்கிவிட்டார்.

விர்ர்ர் விஷயத்தை நான் சொல்லவில்லை, பழைய கராஜ் அண்ணனின் பதிவை அப்படியே வாசிக்கக் கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்தார். "இவன் வாழைச்சேனையில எந்த இடத்துல கராஜ் வைச்சிருந்தவன்?" என்று கேட்டார். சாயந்தரம் சாவியை வாங்கிக்கொண்டு கடைக்குப் போய் வந்தார். போர்ட்டிகோவில் நின்றது, சத்தமில்லாமல் ஓஃப் ஆனது. கால் பெடலில் துடித்திருக்கும், நான் ஜன்னலால் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

பழைய_கராஜ் · சனி, இரவு 8.55

இடத்தைச் சொல்லமாட்டேன். பழைய ஆள் என்றால் என்னிடம் கடன் வைத்திருக்கவும் கூடும்.